வோல்ட்டும் ஆம்பியரும்: தறிவீட்டுக்கும் பம்புசெட்டுக்கும் ஒரு கணக்குப் பாடம்

வயலோரத்துக் கொட்டகையில் ஓடும் மோட்டாரின் மேல் சிறு தகடு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அதில் 5 குதிரைசக்தி, 415 வோல்ட், 7.5 ஆம்பியர் என்று மூன்று எண்கள் காணப்படும். தறிவீட்டில் நீர் காய்ச்சும் கம்பியின் பிடியிலும் 230 வோல்ட், 2000 வாட் என்று பொறித்திருக்கும். வாங்கும் அன்று கடைக்காரர் இவற்றை வாசித்துக் காட்டுவார். அதன் பின்னர் அவற்றை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மோட்டார் கருகி, நாற்றங்கால் காய்ந்துகொண்டிருக்க, காயில் கட்டுபவரின் பட்டறை வாசலில் முறைக்காகக் காத்து நிற்கும் நாளில்தான் அந்தத் தகட்டின் நினைவு வரும்.

அந்த எண்களைப் பெருக்கவும் வகுக்கவும் அறிந்தவர், மோட்டார் கருகுவதற்கு முன்பே அதன் நோயைக் கண்டுகொள்ளலாம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. சங்கத்தின் பேரேட்டைப் பார்த்துத் தமது பங்கின் வட்டியைச் சரிபார்க்கத் தெரிந்த உறுப்பினர் எவருக்கும் இந்தக் கணக்கு வரும்.

காவிரியிலிருந்து தொடங்குவோம்

மின்சாரம் கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே கண்ணுக்குத் தெரிகின்ற காவிரியை முதலில் எடுத்துக்கொள்வோம். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அந்த உயரமே நீரைத் தள்ளும் அழுத்தம். மதகின் வழியே நொடிக்கு இத்தனை கன அடி என்று வெளியேறுவது நீரின் ஓட்டம். வாய்க்கால் குறுகியிருப்பதும், தூர்ந்திருப்பதும், ஆகாயத்தாமரை அடைத்துக் கிடப்பதும் அந்த ஓட்டத்திற்குத் தடை. மின்சாரத்திலும் இம்மூன்றுமே உண்டு. அழுத்தத்தை வோல்ட்டிலும், ஓட்டத்தை ஆம்பியரிலும், தடையை ஓமிலும் அளக்கிறோம்.

1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அதே அணையில் 1937-இல் மின்சார உற்பத்தியும் தொடங்கிற்று. ஆதலின் இது வெறும் உவமையும் அன்று. நொடிக்கு ஒரு கன அடி நீர் 100 அடி உயரத்திலிருந்து விழுமானால், அதில் ஏறத்தாழ 8½ கிலோவாட் திறன் அடங்கியிருக்கிறது. உயரம் இருமடங்கானால் திறன் இருமடங்காகும். நீர் இருமடங்கானாலும் அவ்வாறே. அஃதாவது, உயரத்தை ஓட்டத்தால் பெருக்கினால் நீரின் திறன் கிடைக்கிறது. அதுபோல வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் மின்சாரத்தின் திறன் கிடைக்கிறது. அதற்கு வாட் என்று பெயர். 746 வாட் கொண்டது ஒரு குதிரைசக்தி.

ஆயினும் இந்த உவமை ஓரிடத்தில் நம்மை வழிதவறச் செய்யும். வாய்க்காலில் வரும் நீர் வழியெல்லாம் மண்ணில் ஊறியும் மடைகளில் பிரிந்தும் குறைந்து, கடைமடைக்குச் செல்லும்போது கால்வாசியாகிவிடுகிறது. ஒரு கம்பியில் செல்லும் மின்னோட்டம் அவ்வாறு வழியில் ஊறிப்போவதில்லை. கம்பியின் தொடக்கத்தில் 8 ஆம்பியர் என்றால் முடிவிலும் 8 ஆம்பியரே. வழியில் குறைவது அழுத்தம். நம் பகுதியில் “கரண்டு குறைவாக வருகிறது” என்று கூறுகிறோமே, அங்கே உண்மையில் குறைந்திருப்பது கரண்டு அன்று, வோல்ட். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் கணக்கு எளிதாகும்.

ஓம் கண்ட விதி

ஜெர்மனி நாட்டில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, பள்ளி ஆசிரியராக இருந்தவர் ஜியார்ஜ் சைமன் ஓம். வெவ்வேறு கம்பிகளில் மின்னோட்டத்தைச் செலுத்தி அளந்து, தாம் கண்ட விதியை 1827-இல் நூலாக வெளியிட்டார். அவருடைய நாட்டில் அது தொடக்கத்தில் மதிக்கப்படவில்லை. 1841-இல் லண்டன் ராயல் கழகம் காப்லி பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. 1881-இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு தடையின் அலகுக்கு அவருடைய பெயரை இட்டது.

அவர் கண்ட விதி இது: ஒரு கம்பியின் சூடு மாறாதிருக்கும் வரையில், அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் மாறாது. அந்த எண்ணே அக்கம்பியின் தடை.

தடை = வோல்ட் ÷ ஆம்பியர்
ஆம்பியர் = வோல்ட் ÷ ஓம்
வாட் = வோல்ட் × ஆம்பியர்

இவற்றிலிருந்து இன்னும் இரண்டு வாய்பாடுகள் பிறக்கின்றன. ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, மீண்டும் ஓமால் பெருக்கினாலும் வாட் கிடைக்கும். வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி, ஓமால் வகுத்தாலும் வாட் கிடைக்கும். முன்னது கம்பி சூடேறும் கணக்கிற்கும், பின்னது அடுப்புக் கணக்கிற்கும் உதவும்.

குழித்தறிக்கு மேலே முன்னாளில் தொங்கிய 60 வாட் குண்டு பல்பை எடுத்துக்கொள்வோம். 60-ஐ 230-ஆல் வகுக்க 0.26 ஆம்பியர். 230-ஐ 0.26-ஆல் வகுக்க ஏறத்தாழ 880 ஓம். ஆனால் பல்பை அணைத்துக் குளிர்ந்த பின் மீட்டர் வைத்து அளந்தால் இதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாமற் போகலாம். மீட்டர் பழுதென்று எண்ண வேண்டாம். உள்ளேயிருக்கும் டங்ஸ்டன் இழை வெள்ளொளி வீசும் சூட்டில்தான் 880 ஓம். குளிர்ந்த நிலையில் மிகக் குறைவு. ஓம் தமது விதியில் சூடு மாறாதிருக்கும் வரையில் என்று கூறிய நிபந்தனைக்கு இதனினும் நல்ல சான்று இல்லை.

நீர் காய்ச்சும் கணக்கு

பட்டு நூலின் கோந்து நீக்கவும் சாயம் ஏற்றவும் கொதிநிலையை ஒட்டிய வெந்நீர் வேண்டும். பெரிய கொப்பரைகளுக்கு விறகடுப்பே ஏற்றது. ஆயினும் சிறு அளவில் சாயம் தோய்ப்போர் மின்கம்பியை வாளியில் இட்டு நீர் காய்ச்சுவதுண்டு. 2000 வாட் கம்பி 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் எடுக்கும். அதன் தடை 26.45 ஓம். இந்தக் கம்பி சூட்டினால் தன் தடையை அதிகம் மாற்றிக்கொள்ளாத கலப்புலோகத்தால் ஆனது. ஆகவே கணக்கு பிசகாது.

மாலை நேரத்தில் அழுத்தம் 190 வோல்ட்டிற்கு இறங்கிவிட்டதென்று கொள்வோம். 190-ஐ 190-ஆல் பெருக்க 36,100. அதனை 26.45-ஆல் வகுக்க 1365 வாட். வோல்ட் ஆறில் ஒரு பங்கு குறைந்ததற்குத் திறன் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இருபது லிட்டர் நீரை 28 பாகையிலிருந்து 95 பாகைக்குக் கொண்டுவர, முழு வோல்ட்டில் ஏறத்தாழ 47 நிமிடம். 190 வோல்ட்டில் ஏறத்தாழ 68 நிமிடம். வாளியிலிருந்து வெளியே போகும் சூட்டையும் சேர்த்தால் இன்னும் சற்று நீளும்.

வோல்ட் குறைந்தால் மீட்டர் வேகமாக ஓடும் என்று பலரும் நம்புகின்றனர். நீர் காய்ச்சும் கம்பியைப் பொறுத்த வரையில் அது பொருந்தாது. 2000 வாட்டை 47 நிமிடம் பயன்படுத்தினாலும், 1365 வாட்டை 68 நிமிடம் பயன்படுத்தினாலும், செலவு ஏறத்தாழ 1.56 யூனிட்டே. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் நடந்தால் ஒரு யூனிட். தொழிலாளியின் நேரம் வீணாகிறதே தவிர, மீட்டர் நம்மை ஏமாற்றுவதில்லை.

இனி, வீடு மின்கம்பத்திலிருந்து 60 மீட்டர் தள்ளியிருக்கிறது என்று கொள்வோம். போகும் கம்பி 60, திரும்பும் கம்பி 60, ஆக 120 மீட்டர். திரும்பும் கம்பியைக் கணக்கில் சேர்க்க மறப்பதே இங்கு வழக்கமாக நேரும் பிசகு. ஒரு சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியக் கம்பிக்கு மீட்டருக்கு 0.0282 ஓம் தடை, செம்புக்கு 0.0172. நமது வீட்டிற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் அலுமினியம் இழுத்திருந்தால், 0.0282-ஐ 120-ஆல் பெருக்கி 2.5-ஆல் வகுக்க, 1.35 ஓம். இதனை அடுப்பின் 26.45 ஓமோடு கூட்ட 27.8 ஓம். 230-ஐ இதனால் வகுத்தால் 8.27 ஆம்பியர்.

இப்பொழுது வரவு செலவு பார்ப்போம். வரவு: 230 × 8.27 = 1902 வாட். செலவு: அடுப்பில் 8.27 × 8.27 × 26.45 = 1809 வாட்; கம்பியில் 8.27 × 8.27 × 1.35 = 93 வாட். இரண்டையும் கூட்ட 1902. பேரேடு நேராகிவிட்டது. வீட்டுக்கு வரும் வோல்ட் 230 அன்று, 219 மட்டுமே. 93 வாட் வெயிலில் தொங்கும் கம்பியை இன்னும் சூடாக்குவதற்குச் செலவாகிறது. 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டிருந்தால் தடை 0.52 ஓமாகக் குறைந்து, வழியில் இழப்பது ஏறத்தாழ 4½ வோல்ட் மட்டுமே ஆகும்.

கைத்தறி நெசவாளர் இல்லங்களுக்கு இரு மாதங்களுக்குக் கட்டணமின்றி வழங்கப்படும் மின்சாரம் 2023-இல் 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாகவும், விசைத்தறிக்கு 750-இலிருந்து 1000 யூனிட்டாகவும் உயர்த்தப்பட்டது. 300 யூனிட்டை 60 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 5 யூனிட். இந்த 2000 வாட் கம்பி இரண்டரை மணி நேரத்தில் அந்த ஐந்தையும் விழுங்கிவிடும். தறிக்கு மேல் தொங்கும் 9 வாட் எல்.இ.டி. பல்பு பத்து மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கைத் தொடாது. எதனைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது தெளிவு. பல்பை அணைத்து இருட்டில் இழை தேடுவதில் மிச்சம் ஒன்றுமில்லை, கண்தான் கெடும்.

முறுக்கி விட்ட இணைப்புகளைப் பற்றியும் ஒரு சொல். கம்பியோடு கம்பியைக் கையால் முறுக்கி நாடா சுற்றிய இடத்தில், துருவினாலும் தளர்ச்சியினாலும் அரை ஓம் தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். அரை ஓம் அற்பமென்று தோன்றும். அதில் 8 ஆம்பியர் ஓடினால் 8 × 8 × 0.5 = 32 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் 25 வாட்தான். அதைவிட மிகுந்த சூடு, ஒரு பட்டாணி அளவான இடத்தில், கூரைக்குக் கீழே, நூற்கண்டுகளுக்கு அருகில்!

மோட்டாரின் போக்கு வேறு

அடுப்பு நேர்மையானது: வோல்ட் குறைந்தால் ஆம்பியரையும் குறைத்துக்கொள்ளும். மோட்டார் அப்படியன்று. குழாய்க்கிணற்றிலிருந்து நீரை ஏற்றும் வேலை, வோல்ட் குறைந்ததென்று குறைவதில்லை. சுமையை இழுத்தே ஆகவேண்டிய மோட்டார், அழுத்தத்தில் இழந்ததை ஓட்டத்தில் ஈடுகட்ட முற்படுகிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. மோட்டார் ஓடும்போது வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து, வந்த விடையை அதன் காயிலின் தடை என்று கொள்ளக் கூடாது. ஓடும் மோட்டாருக்குள் காந்த விசையினால் எதிர் அழுத்தம் ஒன்று பிறக்கிறது. ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் அதுவே. நிறுத்தி வைத்து மீட்டரில் அளந்தால் காயிலின் தடை சில ஓம் மட்டுமே இருக்கும். அதனால்தான் சுவிட்சு போடும் கணத்தில், சுழற்சி ஏற்படுமுன், ஐந்தாறு மடங்கு ஆம்பியர் பாய்கிறது. பம்பு இறுகிச் சுழலாது நின்றால் அந்தப் பாய்ச்சல் ஓயாது. சில நிமிடத்தில் காயில் கருகும்.

மும்முனை மின்சாரத்தின் திறனைக் காண, வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி, 1.73-ஆல் பெருக்கி, மேலும் திறன்காரணி என்னும் ஒரு பின்னத்தாலும் பெருக்க வேண்டும். 5 குதிரைசக்தி மோட்டார் தண்டில் தரும் வேலை 3730 வாட். உள்ளே வீணாவதையும் சேர்த்துக் கம்பியிலிருந்து எடுப்பது ஏறத்தாழ 4400 வாட். திறன்காரணி 0.82 என்று வைத்தால், 415 வோல்ட்டில் ஆம்பியர் 7.5. தகட்டில் உள்ள எண் இவ்வாறே வந்தது.

இப்பொழுது கடைமடைக்குச் செல்வோம். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன்பே குறுவை நாற்று விட விரும்புவோர், கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் வட்டாரங்களில் பில்டர் பாயிண்ட் குழாய்க்கிணறுகளையே நம்பியுள்ளனர். எல்லார்க்கும் ஒரே வாரத்தில் நீர் வேண்டும். எல்லா மோட்டாரும் ஒரே வேளையில் ஓடும். மின்மாற்றியிலிருந்து 600 மீட்டர் தொலைவு, 30 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி என்று கொள்வோம். ஒவ்வொரு கம்பிக்கும் தடை 0.56 ஓம். வழியின் முடிவில் எட்டு மோட்டார் ஓடினால் 60 ஆம்பியர். ஒரு கம்பியில் இழப்பு 34 வோல்ட்; மும்முனையில் இரு கம்பிகளுக்கிடையே காண 1.73-ஆல் பெருக்க, ஏறத்தாழ 58 வோல்ட். மின்மாற்றியில் 433 வோல்ட் புறப்பட்டால் கொட்டகையில் 375 வந்து சேரும். மோட்டார்கள் பன்னிரண்டானால் 90 ஆம்பியர், 88 வோல்ட் இழப்பு. வந்து சேர்வது 345.

இந்த 345 வோல்ட்டில் நமது மோட்டார் என்ன செய்யும்? அதே வேலையைச் செய்ய, 7.5-ஐ 415-ஆல் பெருக்கி 345-ஆல் வகுக்க, 9 ஆம்பியர் எடுக்கும். ஒன்றரை ஆம்பியர்தானே கூடிற்று என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. காயிலில் பிறக்கும் சூடு ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கிய அளவில் வளர்வது. 9 × 9 = 81; 7.5 × 7.5 = 56.25. சூடு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. காயிலின் மேற்பூச்சு, தாங்க வேண்டிய சூட்டிற்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகை ஏறும்போதும் தன் ஆயுளில் பாதியை இழக்கிறது என்பது மின்பொறியாளர் பின்பற்றும் தோராயமான விதி. ஸ்டார்ட்டரில் உள்ள ரிலே துண்டித்துத் துண்டித்து மோட்டாரை நிறுத்துகிறதே என்று சலித்து, அதனைக் குச்சி வைத்துக் கட்டி ஓட்டுவோரை நம் பகுதியில் காணலாம். தம் காயிலின் ஆயுளைத் தாமே கத்தரிக்கின்றனர் என்று அவர்களிடம் சொல்வதற்கு இந்தக் கணக்கு உதவும். மூன்று முனைகளில் ஒன்று அறுந்துபோனால் நிலைமை இன்னும் மோசம்: மற்ற இரண்டிலும் ஓட்டம் 1.73 மடங்காகும், சூடு மூன்று மடங்கு.

63 கிலோவோல்ட்-ஆம்பியர் மின்மாற்றி 433 வோல்ட்டில் தரக்கூடியது 84 ஆம்பியர். 84-ஐ 7.5-ஆல் வகுத்தால் பதினோரு மோட்டார். பன்னிரண்டாவது வரும்போது அளவு கடந்துவிட்டது. 1990-இல் விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் வந்த பிறகு, ஐந்து குதிரைசக்திக்கு அனுமதி பெற்று ஏழரை மாட்டுவதில் காசு நட்டமில்லை என்ற எண்ணம் சிலரிடம் உண்டு. மீட்டரில் நட்டமில்லை என்பது மெய்யே. ஆனால் அதே கம்பியின் கடைக்கோடியில் இருப்பவரின் வோல்ட் அதனால் இறங்குகிறது. அவருடைய மோட்டார் கருகுகிறது. தலைமடைக்காரர் மடையைப் பெரிதாக வெட்டிக்கொண்டால் கடைமடை காய்வதை ஒத்தது இது. வேறுபாடு, வெட்டிய மடை கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது.

இதற்கு ஓரளவு பரிகாரம் உண்டு. மோட்டாருடன் 2 கிலோவார் அளவுள்ள கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால், திறன்காரணி உயர்ந்து, கம்பியிலிருந்து எடுக்கும் ஓட்டம் 7.5-இலிருந்து ஏறத்தாழ 6.3 ஆம்பியராகக் குறையும். மோட்டாரின் காயிலில் ஓடுவது அதனால் குறையாது. கம்பியில் ஓடுவதே குறையும். ஆகவே தனியொருவர் போட்டால் அவருக்கே தெரியும்படி பயன் இராது. ஒரு மின்மாற்றியின் கீழுள்ள பன்னிருவரும் போட்டால் 90 ஆம்பியர் 76 ஆகும்; 84-க்குள் அடங்கும்; கடைக்கோடியில் பத்துப் பதினைந்து வோல்ட் ஏறும். சங்கத்தின் வழியாக ஒன்றுசேர்ந்து வாங்கத் தக்க பொருள் இது.

நிலக்கம்பியும் கோடையும்

இதுவரை கூறியது பொருள் நட்டம். இனிக் கூறுவது உயிரைப் பற்றியது. மோட்டாரின் உள்ளே காப்புப் பூச்சு கிழிந்து, மின்கம்பி அதன் இரும்பு உடலைத் தொட்டுவிட்டதென்று கொள்வோம். எர்த்துக் கம்பி அந்த மின்சாரத்தை மண்ணுக்குள் கொண்டுசென்று, பியூஸை உருகச் செய்ய வேண்டும். நன்றாக அமைந்த எர்த்துக் குழியின் தடை 3 ஓம், மின்மாற்றியின் எர்த்து 1 ஓம், ஆக 4 ஓம். 230-ஐ 4-ஆல் வகுக்க 57 ஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸ் விரைவில் உருகிவிடும். பிழை வெளிப்பட்டது, ஆளுக்குத் தீங்கில்லை.

ஆனால் நமது களிமண் பூமியின் இயல்பு யாவரும் அறிந்ததே. ஆற்றில் நீர் நின்ற பிறகு சித்திரை வைகாசியில் விரல் நுழையும் அளவு வெடிக்கிறது. அந்த வெடிப்பு எர்த்துக் குழியையும் விடுவதில்லை. குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே இடைவெளி விழுகிறது. தடை 3 ஓமிலிருந்து 35 ஓமாக ஏறியதென்று கொள்வோம். 230-ஐ 36-ஆல் வகுக்க 6.4 ஆம்பியர். இதற்கு 15 ஆம்பியர் பியூஸ் அசையாது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் உடலில் நிற்கும் அழுத்தம் 6.4 × 35 = 224 வோல்ட். பார்வைக்கு எர்த்துக் கம்பி இருக்கிறது, பயன் இல்லை.

அந்த உடலைத் தொடும் மனிதருக்கும் ஒரு தடை உண்டு. காய்ந்த கையும் செருப்பணிந்த காலுமாக இருந்தால் பல்லாயிரம் ஓம். 50,000 என்று வைத்தால் 224-ஐ அதனால் வகுக்க 0.0045 ஆம்பியர், சுரீரென்று கையை இழுத்துக்கொள்வார். சேற்றில் வெறுங்காலோடு, நனைந்த கையோடு நின்றால் தடை ஏறத்தாழ 1000 ஓமாகக் குறைந்துவிடும். ஓட்டம் 0.22 ஆம்பியர். 0.05 ஆம்பியர் சில நொடி மார்பின் வழியே சென்றாலே இதயத்துடிப்பு ஒழுங்கு கெட்டு உயிர் போகலாம். நேற்று அதே மோட்டாரைத் தொட்டுப் பிழைத்தவர் இன்று தொட்டு மடிவதற்குக் காரணம் விதியன்று. நேற்று கால் காய்ந்திருந்தது, அவ்வளவே.

ஆகவே கோடையில் எர்த்துக் குழிக்கு வாரம் இருமுறை இரண்டு குடம் நீர் ஊற்றுக. கரியும் உப்பும் இட்ட குழியாயினும் நீர் இன்றிப் பயன் தராது. இ.எல்.சி.பி. என்று கடைகளில் விற்கும் கசிவு துண்டிப்பானையும் பொருத்துக. 0.03 ஆம்பியர் மண்ணுக்குள் கசிந்தாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த்துக் குழி 35 ஓமாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. பியூஸ் உருகும் இடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்தவருக்கு மேற்கண்ட பாதுகாப்பில் பாதி இல்லை.

உயரழுத்தக் கம்பியிடம் இந்தச் சமாதானம் எதுவும் செல்லாது. 11,000 வோல்ட் பாதையில் ஒரு கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே 6,350 வோல்ட். நடுவே ஒரு லட்சம் ஓம் தடை இருந்தாலும் 0.06 ஆம்பியர் பாயும். ஆகையால் காய்ந்த மரம், ரப்பர் செருப்பு என்ற நம்பிக்கைகள் அங்கு உதவா. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. தென்னையில் காய் பறிக்கும் நீண்ட அலுமினியக் கோலையும், குழாய்க்கிணற்றிலிருந்து உருவிய இரும்புக் குழாயையும் நிமிர்த்தும் முன் தலைக்கு மேலே பார்த்தல் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது கண்டதுபோல், கம்பி அறுந்து நீர் நின்ற வயலில் கிடந்தால், அதன் அருகே செல்லாது மின்வாரியத்திற்குச் சொல்லி அனுப்புவதே செய்யத் தக்கது.

பயிற்சிக் கணக்குகள்

வீட்டுப் பிள்ளைகளோடு அமர்ந்து போட்டுப் பார்க்க மூன்று கணக்குகள்.

ஒன்று: 230 வோல்ட், 750 வாட் இஸ்திரிப் பெட்டி எத்தனை ஆம்பியர் எடுக்கும்? அதன் தடை யாது?

இரண்டு: எர்த்துக் குழி 11 ஓம், மின்மாற்றி எர்த்து 1 ஓம், பியூஸ் 15 ஆம்பியர். காப்பு கிழிந்தால் பாயும் ஓட்டம் எவ்வளவு? மோட்டார் உடலில் நிற்கும் வோல்ட் எவ்வளவு? பியூஸை நம்பலாமா?

மூன்று: ஒரு கைத்தறி வீட்டில் 75 வாட் விசிறி நாளுக்கு 12 மணி நேரமும், 9 வாட் பல்புகள் இரண்டு 10 மணி நேரமும் இயங்குகின்றன. மேற்கூறியபடி இருபது லிட்டர் நீரும் நாள்தோறும் காய்ச்சப்படுகிறது. 60 நாளில் எத்தனை யூனிட்?

விடைகள். முதற்கணக்கிற்கு 3.26 ஆம்பியர், 70.5 ஓம். இரண்டாவதற்கு 19.2 ஆம்பியர், 211 வோல்ட்; 15 ஆம்பியர் பியூஸ் 19 ஆம்பியரை நெடுநேரம் தாங்கி நிற்கக்கூடும், ஆகவே நம்பலாகாது. மூன்றாவதற்கு விசிறிக்கு 54, பல்புகளுக்கு 10.8, வெந்நீருக்கு 93.6, ஆக மொத்தம் 158.4 யூனிட்.